தனிச்சுற்றுக்கு மட்டும்

1

நம் சிறுபத்திரிகைகளின் கடைசிப் பக்கத்தில், அச்சகத்தின் பெயரை ஒட்டி, பொடி எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும்: 'தனிச்சுற்றுக்கு மட்டும்.' கவிதைக்காகப் பத்திரிகையைப் பிரிப்பவன் அதைப் பார்ப்பதில்லை. விமர்சனத்தைப் படித்துவிட்டுப் பதினைந்து பக்கம் பதில் எழுத உட்காருபவனும் பார்ப்பதில்லை. ஆனால் அந்த இதழ் முழுவதிலும் அரசாங்கத்தைப் பார்த்துச் சொல்லப்பட்ட ஒரே வாக்கியம் அதுதான். மற்றதெல்லாம் நாம் நமக்குள் பேசிக்கொண்டது.

அது ஏன் அங்கே வந்தது என்பது எல்லோரும் அறிந்த விஷயம். கம்பெனி ஆட்சி போய் ராணியின் ஆட்சி வந்து பத்து வருஷம் முடியுமுன், 1867-இல், பத்திரிகைகள், புத்தகங்கள் பதிவுச் சட்டம் வந்தது. அச்சிட்டவன் யார், வெளியிட்டவன் யார், எந்த ஊர் என்று ஒவ்வொரு வெளியீட்டிலும் போட வேண்டும். பொதுச் செய்தியோ, பொதுச் செய்தியைப் பற்றிய கருத்தோ தாங்கித் தவணை முறையில் வெளிவரும் தாளானால், மாஜிஸ்ட்ரேட் முன் போய் டிக்ளரேஷன் கொடுக்க வேண்டும். இந்தச் சட்டம் வெள்ளைக்காரன் போன பிறகும் இருந்தது. 2023-இல் வேறொரு சட்டம் இயற்றப்பட்டு, அது 2024 மார்ச்சில் அமலுக்கு வரும்வரை, நூற்றைம்பது வருஷங்களுக்கு மேல் இருந்தது. ஏழாவது இதழோடு நின்றுவிடப் போகிற ஒரு பத்திரிகைக்காக மாஜிஸ்ட்ரேட் ஆபீஸ் வராந்தாவில் காத்திருக்க நம்மில் யாருக்குப் பொறுமை இருந்தது? 'தனிச்சுற்று' என்று போட்டோம். தபால் சலுகையை இழந்தோம். கைக்காசைப் போட்டு ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினோம்.

தந்திரமாகத் தொடங்கிய இது சீக்கிரமே ஒரு கொள்கையாகிவிட்டது. முந்நூறு பிரதி என்பது வறுமையின் கணக்கு. அதை ரஸனையின் கணக்காக மாற்றிக்கொண்டோம். சிலருக்காகச் சிலர் எழுதுவது என்பதில் ஒரு தீவிரம் இருந்தது, அது உண்மை. அதிலிருந்துதான் தமிழில் புதுக்கவிதையும் விமர்சனமும் வந்தன, அதுவும் உண்மை. ஆனால் அந்தப் பொடி எழுத்து வாசகத்துக்குள் இன்னொரு குரலும் இருந்தது: 'நாங்கள் சிலர்தான். எங்களால் உங்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை. எங்களை விட்டுவிடுங்கள்.' நாம் அனுபவித்த சுதந்திரத்தில் எவ்வளவு இந்தக் குரலுக்குக் கிடைத்தது, எவ்வளவு அரசியல் சட்டத்தால் கிடைத்தது என்று பார்க்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. பார்த்தால் கிடைக்கும் முடிவு நமக்கு அவ்வளவு கௌரவமானது அல்ல.

2

அரசியல் சட்டம் அமலுக்கு வந்த நாலு மாதத்தில், 1950 மே 26-இல், சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பளித்தது. வழக்கில் எதிர்க்கட்சி நம்முடைய சென்னை ராஜ்யம். ரொமேஷ் தாப்பர் பம்பாயிலிருந்து நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி ஆங்கில வாரப் பத்திரிகை சென்னை ராஜ்யத்துக்குள் நுழையக் கூடாது, இங்கே விநியோகமாகக் கூடாது என்று 1949-ஆம் வருஷத்துச் சென்னைப் பொது ஒழுங்குச் சட்டத்தின் கீழ் உத்தரவிட்டிருந்தார்கள். அச்சிடக் கூடாது என்று சொல்லவில்லை. பம்பாயில் அச்சாவதைச் சென்னை எப்படித் தடுக்கும்? கட்டுரையை எரிக்கவில்லை, ஆசிரியரைப் பிடிக்கவில்லை. சுற்றை மட்டும் அறுத்தார்கள்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர், சென்னை ஹைகோர்ட்டிலிருந்து தில்லிக்குப் போன பதஞ்சலி சாஸ்திரி. அவர் சொன்னதன் சாரம் இது: பேச்சுச் சுதந்திரம் என்பது கருத்தைப் பரப்பும் சுதந்திரத்தையும் உள்ளடக்கியது, பரவுவதற்குச் சுற்று வேண்டும், சுற்றுக்கு வழியில்லாத வெளியீட்டால் பிரயோஜனம் கொஞ்சம்தான். பொது ஒழுங்கு என்பது ராஜ்யத்தின் பாதுகாப்பைவிட எவ்வளவோ அகலமான விஷயம் என்றும், அன்றிருந்த பத்தொன்பதாவது ஷரத்து அவ்வளவு அகலமான காரணத்தை அனுமதிக்கவில்லை என்றும் சொல்லி உத்தரவை ரத்து செய்தார்கள். சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 1951-இல், அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்திலேயே, 'பொது ஒழுங்கு' என்ற சொல் ஷரத்துக்குள் ஏற்றப்பட்டது. கூடவே, கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் ஏறியது. அதற்குப் பிறகு இந்த நாட்டில் நடந்த பேச்சுச் சுதந்திர விவாதத்தில் பெரும்பகுதி அந்த 'நியாயமான' என்ற ஒரு பெயரடைக்கான வியாக்யானம்தான்.

இங்கே நான் கவனிப்பது சுற்று என்ற சொல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பேச்சுச் சுதந்திரத் தீர்ப்புகளில் ஒன்று, சுற்றுதான் பேச்சின் உயிர் என்றது. எந்தச் சுற்றை அரசியல் சட்டம் நமக்கு உரிமையாகக் கொடுத்ததோ, அதையே வேண்டாம் என்று நாம் நம் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

3

பேச்சைப் பற்றிய ஒவ்வொரு தீர்ப்புக்குள்ளும் ஒரு வாசகன் இருக்கிறான். அவன் சாட்சிக் கூண்டில் ஏறுவதில்லை. அவனை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. நீதிபதி அவனை அனுமானித்துக்கொள்கிறார், ஒரு நாவலாசிரியன் பாத்திரத்தைக் கற்பித்துக்கொள்வதுபோல. அந்த வாசகன் யார் என்பது முடிவானதும் தீர்ப்பும் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. இந்த அர்த்தத்தில் தீர்ப்புகள் இலக்கிய விமர்சனத்தின் ஒரு கிளை. நாம் அவற்றை அப்படிப் படிக்காமல் விட்டது நம் தவறு.

1868-இல் இங்கிலாந்தில், ஹிக்ளின் வழக்கில், ஒரு வாசகன் பிறந்தான். கெடுவதற்குத் தயாராக இருக்கும் மனம் படைத்தவன். அவன் கையில் கிடைத்தால் கெட்டுப்போவானா என்று கேள். 'ஆம்' என்றால் புத்தகம் ஆபாசம். இந்த வாசகன் இந்தியாவுக்குக் கப்பலேறி வந்து, குடியரசான பிறகும் இங்கேயே தங்கிவிட்டான். 'லேடி சாட்டர்லியின் காதல'னை விற்றதற்காகப் பம்பாயில் புத்தகக் கடைக்காரர்கள் மீது போட்ட வழக்கில், 1964-இல், சுப்ரீம் கோர்ட் அவனை வரவேற்று உட்கார வைத்தது. இங்கிலாந்தில் அந்த நாவல் 1960-லேயே விடுதலையாகிவிட்டது. தண்டனை அடைந்தவர்கள் எழுதியவனோ வெளியிட்டவனோ அல்ல, விற்றவர்கள். மறுபடியும் சுற்றுதான் குற்றவாளி.

அந்தத் தீர்ப்பை எழுதியவர் ஹிதாயத்துல்லா. ஆறு வருஷம் கழித்துத் தலைமை நீதிபதியாக அவர் எழுதிய இன்னொரு தீர்ப்பு நமக்கு மிக முக்கியம். குவாஜா அஹ்மத் அப்பாஸ், கல்கத்தா, பம்பாய், சென்னை, தில்லி ஆகிய நாலு நகரங்களின் சொகுசையும் சேரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு குறும்படம் எடுத்தார். பம்பாயின் சிவப்பு விளக்குத் தெருக் காட்சியை வெட்டினால்தான் 'யு' என்றது சென்ஸார். அப்பாஸ் கோர்ட்டுக்குப் போனார். போன பிறகு, வெட்டு இல்லாமலே 'யு' தருகிறோம் என்று சர்க்கார் இறங்கி வந்தது. வேறு யாராயிருந்தாலும் சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அப்பாஸ் போகவில்லை. மனுவைத் திருத்தி, முன்தணிக்கை என்பதே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று வாதாடினார். தன் படம் தப்பிய பிறகு மற்றவர் படங்களுக்காகச் சண்டை போட்ட இந்தக் காரியத்துக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை. அவர் சினிமாவுக்காக அல்ல.

1970 செப்டம்பரில் வந்த அந்தத் தீர்ப்பு ஒரு விசித்திரமான பிரதி. ஒரு பக்கத்தில், நம்மில் மிகவும் பலவீனமானவனையும் மிகவும் கெட்டவனையும் பாதுகாப்பதற்காக, ஆரோக்கியமான மனம் படைத்தவன் எதைப் படிக்கலாம், பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் நிலைக்கு நாம் இறங்கிவிடக் கூடாது என்கிறார் ஹிதாயத்துல்லா. கலையையும் கலையல்லாததையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத தணிக்கை விதிகளைக் கண்டிக்கிறார். 1964-இல் வரவேற்ற விருந்தாளியை இங்கே வாசல்வரை கொண்டுபோய் விடுகிறார் என்றே சொல்லலாம். ஆனால் முடிவு? முன்தணிக்கை செல்லும். காரணம், சினிமா மற்றெந்தக் கலையையும்விட ஆழமாக உணர்ச்சிகளைக் கிளறக்கூடியது. முக்கியமாகச் சிறுவர்களையும் வாலிபர்களையும். கலை என்பதற்கான இலக்கணமே, ஆழமாகக் கிளறுவது, இங்கே அதைக் கட்டிப்போடுவதற்கான காரணமாகிறது. ஒரு நாவல் நம்மைக் கிளறவில்லை என்றால் நாம் அதை மோசமான நாவல் என்போம். சினிமா கிளறுகிறது என்பதால் சட்டம் அதை ஆபத்தான சினிமா என்றது.

4

பத்தொன்பது வருஷம் கழித்து இதே வாதம் தமிழுக்கே வந்தது. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற படம். பிராமணப் பெண் ஒருத்தி தாழ்த்தப்பட்ட சாதி என்று பொய்ச் சான்றிதழ் பெற்று அரசு அதிகாரியாகிறாள். இட ஒதுக்கீடு சாதியை வைத்தா, பொருளாதாரத்தை வைத்தா என்பது படம் எழுப்பும் கேள்வி. படத்தின் அரசியல் எனக்கு ஒப்பாதது. நூற்றாண்டுகளாகச் சாதியால் மறுக்கப்பட்டதைச் சாதியைப் பார்க்காமல் திருப்பித் தர முடியாது. சினிமாவாகவும் அது சாதாரணம். ஆனால் சென்னை ஹைகோர்ட் பெஞ்ச் அதன் 'யு' சர்டிபிகேட்டை ரத்து செய்ததும், 1989 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் அதை மீட்டதும் வேறு விஷயம். அங்கே என் அபிப்ராயம் ரங்கராஜன் பக்கம்தான், படத்தின் பக்கம் இல்லாவிட்டாலும்.

அந்தத் தீர்ப்பிலிருந்து எல்லோரும் மேற்கோள் காட்டுவது ஒரு பகுதியை: பேச்சுக்கும் விபரீதத்துக்கும் உள்ள தொடர்பு வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறிபோல நேரானதாக இருக்க வேண்டும், கலவரம் செய்வோம் என்று சிலர் மிரட்டினால் அரசு மிரட்டியவர்களை அடக்க வேண்டும், பேசியவனை அல்ல. மகத்தான வாக்கியங்கள். ஆனால் அதே தீர்ப்பில், யாரும் மேற்கோள் காட்டாத இன்னொரு பகுதி இருக்கிறது. சினிமாவைப் பத்திரிகையோடு ஒப்பிட முடியாது. அரை இருட்டான கொட்டகையில், கவனத்தைக் கலைக்கும் எதுவும் இல்லாமல், காட்சியும் ஒலியும் சேர்ந்து பார்ப்பவன் மனதைப் பிடிக்கின்றன. எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுத்துப் பார்க்காத பெருங்கூட்டம் அங்கே வருகிறது. ஆகவே முன்தணிக்கை விரும்பத்தக்கது மட்டுமல்ல, அவசியமும்கூட. படத்தை விடுதலை செய்த கைதான், பார்ப்பவனைச் சிறு பிள்ளையாக எழுதி வைத்தது.

இது ஊடகத்தின் இயல்பிலிருந்து தானாக வரும் முடிவு என்று நினைக்க வேண்டியதில்லை. அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான், 1988-இல், 'தமஸ்' வழக்கு வந்தது. பீஷ்ம சாஹ்னியின் பிரிவினை நாவலை கோவிந்த் நிஹலானி தொலைக்காட்சித் தொடராக எடுத்திருந்தார். தூர்தர்ஷன் தவிர வேறு அலைவரிசை இல்லாத காலம். கொட்டகையைவிடப் பெரிய கூட்டம். டிக்கெட்டுகூட வாங்காமல் வீட்டுக்குள் வந்துவிடும் ஊடகம். அங்கே சுப்ரீம் கோர்ட் வேறொரு வாசகனை அழைத்தது. நாகபுரி ஹைகோர்ட்டில் விவியன் போஸ் கற்பித்த வாசகன் அவன்: நியாய புத்தியும் திடமனமும் தைரியமும் உள்ளவன், ஒவ்வொரு எதிர்க்கருத்திலும் ஆபத்தை மோப்பம் பிடிக்காதவன். தொடர் தடைபடவில்லை. அதே கோர்ட், அடுத்தடுத்த வருஷங்கள், இரண்டு வாசகர்கள். ஆகவே பலவீனமான பார்வையாளன் சினிமா இயந்திரத்திலிருந்து இறங்கி வந்தவன் அல்ல. ஒவ்வொரு முறையும் அவனை யாரோ கூப்பிடுகிறார்கள்.

மேடையில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1954-இல் சென்னை ராஜ்யத்தில் ஒரு நாடகச் சட்டம் வந்தது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனதில் வைத்துச் செய்தது என்று நாடகக்காரர்கள் சொல்வார்கள். அதன் கீழ், நாடகப் பிரதியைப் போலீஸ் படித்துப் பார்க்கலாம் என்றாயிற்று. நூறு பேர் உட்காரும் ஹாலில் நவீன நாடகம் போட்ட குழுக்களும் பிரதியைத் தூக்கிக்கொண்டு போலீஸ் ஆபீஸுக்கு நடந்திருக்கின்றன. 'பரீக்ஷா' ஞாநி வழக்குப் போட்டு, 2013-இல்தான் சென்னை ஹைகோர்ட் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. ஐம்பத்தொன்பது வருஷம். சிறிய கூட்டமாக இருந்தால் விட்டுவிடுவார்கள் என்ற நம் நம்பிக்கைக்கு நாடகக்காரர்களின் அனுபவம் ஆதரவு தரவில்லை.

5

இப்போது நம்மிடம் வருகிறேன்.

கொட்டகை இருட்டைப் பற்றிய அந்த வாக்கியத்தை முதன்முதலில் படித்தபோது, இதை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று எனக்குத் தோன்றியது. சுப்ரீம் கோர்ட்டில் அல்ல, நம் பத்திரிகைகளில். தமிழ் சினிமா ரஸிகனைப் பற்றி நாம் எழுதியதைத் தொகுத்துப் பாருங்கள். அவன் மயக்கத்தில் இருப்பவன். நிழலை நிஜம் என்று நம்புகிறவன். தேர்வு செய்யத் தெரியாதவன். கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவன், பிறகு ஓட்டும் போடுகிறவன். வார இதழ் வாசகனைப் பற்றியும் இதே வார்த்தைகள்தாம், கொஞ்சம் இடம் மாற்றி. இவற்றில் உண்மை எதுவுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜனரஞ்சகம் ஒரு வியாபாரம். அது மனிதனைச் சிறுக்க வைத்து லாபம் பார்க்கிறது. அதை எதிர்த்து எழுதியதற்காக நான் வருத்தப்படப் போவதில்லை. ஆனால் வியாபாரத்தைத் தாக்குவதாக நினைத்துக்கொண்டு, நாம் பெரும்பாலும் பார்ப்பவனைத்தான் தாக்கினோம். படத்தைப் பற்றி எழுத உழைப்பு வேண்டும்: ஷாட் எப்படி நிற்கிறது, வசனம் எங்கே படத்தை விழுங்குகிறது என்று சொல்ல வேண்டும். பார்ப்பவனைப் பற்றி எழுத உழைப்பு வேண்டாம்.

தணிக்கைக்கு ஒரு கத்தரிக்கோலும் ஒரு சித்தாந்தமும் தேவை. கத்தரிக்கோல் அரசாங்கத்திடம் இருந்தது. சித்தாந்தத்தை ஊர் முழுவதும் உற்பத்தி செய்தது. அந்த ஊரில் நாமும் இருந்தோம். பெரும்பான்மை மனிதர்களுக்குப் பார்க்கத் தெரியாது என்று நம்புகிறவன், அவர்களுக்காக வேறு யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதையும் பாதி ஒப்புக்கொண்டுவிடுகிறான். அந்த 'வேறு யாராவது' நாமாக இருக்க வேண்டும், சென்ஸார் அதிகாரியாக இருக்கக் கூடாது என்பதுதான் நம் ஒரே ஆட்சேபம். அது ரஸனைத் தகராறு. சுதந்திரத்துக்கான வாதம் ஆகாது.

'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்ற வாசகத்தின் முழு அர்த்தம் இப்போது தெரிகிறது. கூட்டம் ஆபத்தானது, நாம் கூட்டம் அல்ல. ஆகவே நமக்குக் கட்டுப்பாடு வேண்டாம். ரங்கராஜன் தீர்ப்பின் அந்தப் பகுதி சொல்வதும் இதே தர்க்கம்தான், எதிர்ப்பக்கத்திலிருந்து.

6

தொழில்நுட்பம் இந்த ஏற்பாட்டை உடைத்துவிட்டது. இரண்டு பக்கமும்.

கொட்டகை இருட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அதே படத்தைக் கொட்டகையில் காட்ட வேண்டுமானால் 1952-ஆம் வருஷத்துச் சட்டப்படி முன்சான்றிதழ் வேண்டும். 2023-இல் அச்சட்டத்தைத் திருத்தியபோதும் வயது வகுப்புகளைக் கூட்டினார்களே தவிர, முன்தணிக்கையைத் தொடவில்லை. அதே படம் இணையம் வழியாக, படுக்கையறையில், விளக்கை அணைத்துவிட்டு, காதில் ஒலிபெருக்கியைச் செருகிக்கொண்டு தனியாகக் கைபேசியில் பார்ப்பவனிடம் வரும்போது அந்தச் சான்றிதழ் வேண்டாம். எந்த இருட்டு அதிக இருட்டு? கவனம் எங்கே அதிகம் குவிகிறது? 1970-இலும் 1989-இலும் சொன்ன காரணம் உண்மையாக இருந்தால் இது தலைகீழ். கைபேசிக்கும் கத்தரிக்கோல் கொண்டுவா என்பதற்காக இதைச் சொல்லவில்லை. காரணம் ஆரம்பத்திலேயே ஊடகத்தைப் பற்றியதாக இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். கொட்டகை, ஏழையும் பணக்காரனும் கூட்டமாக உட்காரும் இடம். பயம் அந்தக் கூட்டத்தைப் பார்த்து வந்தது.

மறுபக்கம் நாம். இன்றைய சிறுபத்திரிகை பாதி தாளிலும் பாதி திரையிலும் இருக்கிறது. திரையில் தனிச்சுற்று என்பது கிடையாது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வந்தது. நாலு வருஷம் நம்மவர்கள் படித்தார்கள், பாராட்டினார்கள், குறை சொன்னார்கள். 2014 கடைசியில் அதன் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டுத் திருச்செங்கோட்டில் கைமாறின. நாவல் அதேதான், சுற்று மாறியது. 2015 ஜனவரியில் நாமக்கல் கலெக்டர் ஆபீஸில் அமைதிப் பேச்சு என்ற பெயரில் நடந்த கூட்டத்தில் அவரிடம் எழுதி வாங்கினார்கள். அதன்பின் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை ஹைகோர்ட், அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்றது, பிடிக்காத புத்தகத்தை மூடிவைக்க வாசகனுக்குத் தெரியும் என்றது, அவரைத் திரும்ப எழுதச் சொன்னது. நம்மைக் காப்பாற்றியது நம் சிறுமை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை. சிறுமை நாலு வருஷம் காப்பாற்றியது. ஒரு நகலெடுக்கும் இயந்திரம் வந்ததும் கைவிட்டது. பிறகு காப்பாற்றியது, வாசகனைப் பெரியவனாகக் கற்பித்த ஒரு தீர்ப்பு.

இதற்கு முந்தைய வருஷம், 2015 மார்ச் 24-இல், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. எரிச்சல் தருவது, அசௌகரியம் தருவது, மிகவும் புண்படுத்துவது என்று பிடிக்கு அகப்படாத வார்த்தைகளால் கட்டப்பட்ட பிரிவு. மூன்று வருஷம் வரை சிறை. பால் தாக்கரே மறைவையொட்டி பம்பாய் அடைபட்டதைப் பற்றி முகநூலில் எழுதியதற்காக 2012-இல் ஒரு பெண்ணும், அதை ஆமோதித்ததற்காக இன்னொரு பெண்ணும் கைதானார்கள். நீதிபதி நரிமன் எழுதிய தீர்ப்பு, விவாதிப்பது, ஆதரித்துப் பேசுவது, தூண்டுவது என்று மூன்று படிகளைப் பிரித்தது. தூண்டும்போது மட்டும்தான் சட்டம் உள்ளே வரலாம். இணையம் பரந்தது, அதற்கு ஆசிரியர் இல்லை, ஆகவே தளர்ந்த அளவுகோல் போதும் என்ற அரசு வாதத்தை ஏற்கவில்லை. ஆனால் இணையத்தை வேறு ஊடகங்களிலிருந்து பிரித்து, அதற்கெனத் தனிக் குற்றங்களை வகுக்கலாம் என்பதை ஏற்றது. கதவைச் சாத்தினார்கள், தாழ்ப்பாள் போடவில்லை.

2021 பிப்ரவரியில் அந்தக் கதவு வழியாக விதிகள் வந்தன. இணையத்தில் செய்தியும் நடப்பு விவகாரமும் வெளியிடுபவர்களுக்கு ஒழுக்க நெறி. எது நடப்பு விவகாரம்? விளக்கத்தைப் படித்தால், சமூக, அரசியல், பொருளாதாரச் சம்பவங்களோடு கலாசாரச் சம்பவங்கள் பற்றிய அலசலும் அதில் அடக்கம். தொழிலாகவோ முறையான நடவடிக்கையாகவோ செய்யாத தனிநபருக்கு விலக்கு உண்டு. நாளிதழின் அச்சுப் பிரதியை அப்படியே திரையில் காட்டினால் அதற்கும் விலக்கு உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வரும் இலக்கிய இணைய இதழ் தனிநபரா, முறையான நடவடிக்கையா? 1867-இல் 'பொதுச் செய்தியைப் பற்றிய கருத்து' என்ற சொற்களுக்கு வெளியே நிற்க நாம் செய்த தந்திரம் இந்தச் சொற்களிடம் செல்லாது. 2021 ஆகஸ்டில் பம்பாய் ஹைகோர்ட் ஒழுக்க நெறியைக் கட்டாயமாக்கும் உட்பிரிவுகளை நிறுத்தி வைத்தது. பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் மனுதாரராக இருந்த வழக்கில் அடுத்த மாதம் சென்னை ஹைகோர்ட், அந்தத் தடையின் பலன் நாடு முழுவதற்கும் உரியது என்றது. வழக்குப் போட்டவர்கள் செய்தித் தளங்கள், ஒரு பாடகர், சில பத்திரிகையாளர்கள். நாம் எங்கே இருந்தோம்? தனிச்சுற்றில்.

7

ஒரு ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லாமல் முடிப்பது நேர்மையாகாது. கூட்டம் ஆபத்தே இல்லை என்று யார் சொல்ல முடியும்? 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தை கடத்துகிறவர் என்ற வதந்தி கைபேசிகளில் பரவியிருந்த நேரத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். சுற்று அங்கே கொன்றது. அதை மறந்துவிட்டு எழுதப்படும் சுதந்திரப் பிரகடனம் எதையும் நான் கையெழுத்திட மாட்டேன்.

ஆனால் அந்தக் கொலையைப் புரிந்துகொள்ள, பலவீனமான பார்வையாளன் என்ற கற்பிதம் உதவவில்லை. கொன்றவர்கள் மயங்கியவர்கள் என்று சொன்னால் அவர்கள் குற்றம் குறைகிறதே தவிர, செத்தவளுக்கு நீதி கூடவில்லை. தூண்டியவனைத் தண்டிக்கவும், அடித்தவனைத் தண்டிக்கவும் 1989-இன் பொறியும் 2015-இன் மூன்றாவது படியும் போதும். இரண்டும் பேச்சுக்கும் விளைவுக்கும் உள்ள தூரத்தை அளக்கின்றன. கேட்டவனின் தரத்தை அளப்பதில்லை. தூரத்தை அளப்பது கஷ்டமான வேலை. ஒவ்வொரு வழக்கிலும் புதிதாகச் செய்ய வேண்டியது. தரத்தை ஒருமுறை தீர்மானித்துவிட்டால் எப்போதும் உபயோகிக்கலாம். அதனால்தான் கோர்ட்டுகளும் சர்க்காரும் நாமும் திரும்பத் திரும்ப அந்த இரண்டாவது வேலைக்கே போகிறோம்.

2014-இல் சுப்ரீம் கோர்ட், ஹிக்ளின் வாசகனை ஒரு வழியாக விடை கொடுத்து அனுப்பியது. இங்கிலாந்தில் பிறந்து நூற்று நாற்பத்தாறு வருஷம் ஆகியிருந்தது. நம் விமர்சனத்துக்குள் அவனுக்கு இன்னும் ஒரு அறை இருக்கிறது. வாடகைகூட வாங்காமல் வைத்திருக்கிறோம்.

கடுமையாக எழுதுவதை நிறுத்தச் சொல்லவில்லை. மோசமான படத்தை மோசமான படம் என்று சொல்வோம். முன்னைவிடக் கடுமையாக, முன்னைவிட அதிக உழைப்போடு. அதைப் பார்க்கிறவன் நம்மைப் போலவே பார்க்கத் தெரிந்தவன், நாம் சொல்வதைக் கேட்டு நம்மோடு சண்டைக்கு வரக்கூடியவன் என்ற அனுமானத்தில் சொல்வோம். இல்லாவிட்டால் விமர்சனம் எதற்கு? பார்க்கத் தெரியாதவர்களைப் பற்றிப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு எழுதும் அறிக்கையை சென்ஸார் போர்டே எழுதிக்கொள்ளும்.

அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் பெயர், விலாசம், விலை எல்லாம் வழக்கம்போல் இருக்கட்டும். அந்த ஒரு வாசகத்தை எடுத்துவிடலாம். பிரதிகள் அதே முந்நூறாகவே இருக்கலாம், அதில் நூறு விற்காமலும் போகலாம். யாருக்கு என்று மட்டும் நாமே முன்கூட்டி எழுதித் தர வேண்டாம்.